ஏலத்தில் வாங்கிய நன்செய், உள்ளே பதிவுக் குத்தகைதாரர்: எந்த உரிமை கைமாறும், எது மாறாது?

கடைமடை:
டெல்டா நன்செய் நிலங்கள் வங்கி ஏலத்துக்கு வருவது வழக்கமாகிவிட்டது. பேச வசதியாக ஒரு மாதிரி நிலத்தை வைத்துக்கொள்வோம். 4 ஏக்கர் நன்செய், கிட்டத்தட்ட 12 மா. அடிப்படை விலை 60 லட்சம், முன்பணம் 6 லட்சம். பட்டா கடனாளி பெயரில் இருக்கிறது. 30 வருட வில்லங்கச் சான்றில் வங்கியின் அடமானம் தவிர வேறு பதிவு இல்லை. ஆனால் வயலில் உழுவது கடனாளி இல்லை, குத்தகைக்காரர். அவர் அப்பா காலத்திலிருந்தே சாகுபடி நடக்கிறது. குத்தகைப் பத்திரம் எதுவும் எழுதவில்லை.

இந்த நிலத்தை ஏலத்தில் எடுப்பவருக்குக் கையில் என்ன வரும்? ஏலம் முடிந்ததும் குத்தகை தானாக முறிந்துவிடும் என்று தரகர்கள் சொல்கிறார்கள். சட்டம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். வங்கி ஏலம், கோர்ட் ஏலம் இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

ஆவணக்கட்டு:
தரகர்கள் சொல்வது தவறு. எந்த ஏலமாக இருந்தாலும் கடனாளியிடம் இருந்த உரிமைதான் வாங்குபவருக்குப் போகும், அதற்கு மேல் ஒரு பிடி மண்ணும் போகாது. உழும் உரிமையைக் கடனாளி ஏற்கெனவே குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டார். அவரிடம் மிச்சம் இருப்பது உடைமை உரிமையும் குத்தகை வாங்கும் உரிமையும். ஏலம் எடுத்தவருக்கும் அவ்வளவே.

1955-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டத்தை, அதாவது தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நில உரிமையாளரின் முயற்சியால் சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 3. அதிலேயே, கோர்ட் தீர்ப்பாணையை நிறைவேற்றும் வழியாகவும் கூடாது, வேறு எந்த வழியிலும் கூடாது என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. பலர் இந்தப் பகுதியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஏலம் என்பது அந்த "நிறைவேற்றும் வழி"யில் அடங்கும்.

"நில உரிமையாளர்" என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தையும் கவனியுங்கள். குத்தகைதாரரை வெளியேற்றும் உரிமை யாருக்கு உண்டோ அவர்தான் நில உரிமையாளர். அவர் கிரயத்தில் வாங்கினாரா, பாகத்தில் பெற்றாரா, ஏலத்தில் எடுத்தாரா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே ஏலம் எடுத்தவர் விற்பனைச் சான்றிதழ் வாங்கிய நாளில் பழைய முதலாளியின் செருப்புக்குள் கால் வைக்கிறார். பழைய முதலாளியைக் கட்டிய கட்டுகள் எல்லாம் இவரையும் கட்டும்.

பிரிவு 3 தரும் வெளியேற்றக் காரணங்கள் நான்கு. குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுப்பது, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுப்பது. இதில் ஒன்றை வருவாய் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். பாக்கி காரணமாகப் போனாலும், நிலுவையைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் வெளியேற்ற முடியாது.

பசலிக்கணக்கு:
ஆவணக்கட்டு ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கணக்கைப் போடுகிறேன், ஏலத்துக்குப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் போட வேண்டும்.

நியாய வாரச் சட்டப்படி (1956-இன் 24-ஆம் சட்டம், 1980 திருத்தத்துக்குப் பிறகு) உரிமையாளர் பங்கு வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். 4 ஏக்கரில் ஏக்கருக்கு 30 மூட்டை என்று வைத்தால் ஒரு போகத்துக்கு 120 மூட்டை. அதில் உரிமையாளருக்கு 30 மூட்டை. மூட்டை 60 கிலோ என்றால் 1,800 கிலோ, அதாவது 18 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல்லின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். பெருக்கினால் 42,642 ரூபாய்.

60 லட்சம் போட்டவருக்கு ஒரு போகத்தில் வருவது இது. முதலீட்டில் முக்கால் சதவீதம்கூட இல்லை. இரண்டு போகம் கிடைக்கும் பாசனம் இருந்தாலும் ஒன்றரை சதவீதத்தைத் தொடாது. மனை போட்டு விற்கலாம், போர் போட்டுத் தென்னை வைக்கலாம் என்ற எண்ணத்தில் விலை கேட்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஏலத்தில் உட்காரட்டும். காலி நிலத்தின் விலையைக் குத்தகை நிலத்துக்குக் கொடுப்பதில்தான் எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது.

கடைமடை:
நன்றி ஐயா. பத்திரம் இல்லாத குத்தகை எங்கே பதிவாகியிருக்கும்? வில்லங்கச் சான்றில் வராதா?

பசலிக்கணக்கு:
வராது. வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும். குத்தகை உரிமைப் பதிவேடு 1969-இன் 10-ஆம் சட்டப்படி தாலுகா அலுவலகத்தில் இருப்பது. பதிவு அலுவலர் தாசில்தார். சர்வே எண், பரப்பு, நில உடைமையாளர், குத்தகைதாரர் பெயர் எல்லாம் அதில் கிராமவாரியாக இருக்கும். பட்டா மாறினாலும் இந்தப் பதிவு மாறாது. இரண்டு அலுவலகத்துப் பதிவேடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதால்தான் வில்லங்கம் பார்த்து நிம்மதியடைந்தவர்கள் ஏமாறுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. ஏல அறிவிப்பில் உள்ள சர்வே எண்களையும் உட்பிரிவுகளையும் எழுதி, அந்த எண்களில் குத்தகைப் பதிவு இருக்கிறதா, இருந்தால் நகல் தரவும் என்று தாசில்தாருக்கு மனு கொடுங்கள். "இல்லை" என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவேடு பழைய எண்ணிலேயே நின்றிருக்கும், புதிய எண்ணை மட்டும் கேட்டால் "பதிவு இல்லை" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது அடங்கல், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கு. குறைந்தது 5 பசலிக்கு வேண்டும். பசலி 1435 என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். பட்டாதாரர் பெயரும் சாகுபடி செய்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரர்களும் உண்டு. அவர்களை வேறு தாள்கள் காட்டிக்கொடுக்கும்: கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டு ரசீது, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பட்டியல். இதற்கெல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று வேண்டும், அதில் உழுதவர் பெயர் இருக்கும்.

கடைசியாக வயலுக்கு நேரில் போங்கள். நாற்றங்கால் விட்டிருக்கும் சமயத்தில் போனால், இது யார் நாற்று என்று பக்கத்து வரப்பில் நிற்பவர் சொல்லிவிடுவார்.

வரப்போரம்:
ஒரு மாற்றுக் கருத்து. கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை விற்க வழி தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சர்ஃபாசி. அந்த ஏலத்தில் நிலைமை இவ்வளவு ஒருபக்கமானது இல்லை. 2016-இல் பிரிவு 17(4ஏ) சேர்த்தார்கள். குத்தகை உரிமை கேட்பவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு வரவேண்டும். அந்தக் குத்தகை காலாவதி ஆனதா, அடமானம் வைத்தவர் எப்படிக் குத்தகைக்கு விடலாம் என்று சொல்லும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 65ஏ-க்கு முரணா, அடமான நிபந்தனைக்கு முரணா, கடனைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பும் 13(2) நோட்டீஸுக்குப் பிறகு உருவாக்கியதா என்று தீர்ப்பாயம் பார்க்கும். இதில் ஒன்று பொருந்தினாலும் குத்தகை நிற்காது.

2019-இல் பஜரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்று சொன்னால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், வாய்மொழியை வைத்துக்கொண்டு நீண்ட காலம் உட்கார முடியாது. கடைமடை சொன்ன மாதிரியில் பத்திரமே இல்லையே.

ஆவணக்கட்டு:
வரப்போரம் சார், அந்தத் தீர்ப்பு கட்டட வாடகை பற்றியது. விவசாயக் குத்தகைக்கு அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது, காரணம் சொல்கிறேன்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் குத்தகைக்குப் பத்திரம் வேண்டும் என்ற பிரிவு 107 இருக்கிறது. அதே அத்தியாயத்தின் கடைசியில் உள்ள பிரிவு 117, விவசாயக் குத்தகைக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்கிறது, மாநில அரசு தனியாக அறிவித்தால் தவிர. 1955 சட்டமோ குத்தகை ஒப்பந்தம் "வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ" இருக்கலாம் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்பவர் சாகுபடிக் குத்தகைதாரர்தான். அவர் இறந்தால், சொந்த உடலுழைப்பைப் போடும் வாரிசும் அப்படியே. 17(4ஏ)-வில் உள்ள "காலாவதி ஆனதா" என்ற கேள்விக்கு இங்கே பிடிமானம் கிடைக்காது, ஏனென்றால் இந்தப் பாதுகாப்பு ஒப்பந்தக் காலத்தோடு முடிவதில்லை.

2016-இல் விஷால் கல்சாரியா வழக்கில், மாநில வாடகைச் சட்டம் தந்த பாதுகாப்பை சர்ஃபாசி அடித்துவிடாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலக் குத்தகையும் மாநிலச் சட்டம் தந்த பாதுகாப்புதான். அடமானத்துக்கு முன்பே இருந்த, பதிவேட்டில் ஏறிய குத்தகையை 17(4ஏ)-வின் நான்கு வாசல்களில் எதன் வழியாகவும் தள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. அடமானத்துக்குப் பிறகு வந்த குத்தகை என்றால் நீங்கள் சொல்வதற்குப் பலம் உண்டு, அதை மறுக்கவில்லை.

வரப்போரம்:
பிரிவு 117-ஐ நான் சேர்த்துப் பார்க்கவில்லை, ஏற்கிறேன். அடமானத் தேதிதான் இங்கே கோடு. கோட்டுக்கு முன்னே நிற்கும் குத்தகை வலுவானது, பின்னே நிற்பது பலவீனமானது. ஆகவே ஏலத்துக்குப் போகிறவர், வங்கியிடம் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த தேதியைக் கேட்டு வாங்கி, குத்தகைப் பதிவின் தேதியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நெல்மூட்டை:
எல்லாரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். விவசாய நிலத்தின் மேல் உருவாக்கிய பிணைக்கு சர்ஃபாசி சட்டமே பொருந்தாது, பிரிவு 31(ஐ). குத்தகைக்காரர் நெல் போடுகிறார் என்றால் அது விவசாய நிலம். ஏலமே செல்லாது அல்லவா?

ஆவணக்கட்டு:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆனால் நன்செய் என்று பட்டாவில் இருப்பதை மட்டும் காட்டி ஜெயிக்க முடியாது. நிலம் நடைமுறையில் எதற்குப் பயன்பட்டது என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2018-இல் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கும் 2023-இல் கே. ஸ்ரீதர் வழக்கும் இந்த வழியில் போனவை. இரண்டாவது வழக்கில், விவசாய நிலம் என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும், வருவாய்ப் பதிவு மட்டும் போதாது என்று தெளிவாக்கினார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அடமானத்துக்கு முன்பிருந்தே குத்தகைப் பதிவு, பசலிவாரியாக அடங்கல், கொள்முதல் நிலையப் பட்டியல் எல்லாம் இருந்தால், அது குத்தகைதாரரின் உரிமைக்கும் சான்று, நிலம் விவசாய நிலம் என்பதற்கும் சான்று. ஏலம் எடுத்தவர் குத்தகைதாரரோடு வழக்காடிக்கொண்டிருக்கும்போதே, அதே தாள்களை வைத்துக் கடனாளி பக்கத்திலிருந்து ஏலத்தையே உடைக்கலாம். பணம் வங்கியிலிருந்து திரும்பி வரவேண்டும், ஆனால் சில வருடம் போன பிறகு வரும்.

வங்கிக்கு வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. கடன் 20 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் அசல் மனு போட்டு, வசூல் சான்று வாங்கி, வசூல் அலுவலர் மூலம் விற்கலாம். அந்த வழிக்கு 31(ஐ) தடை இல்லை. அதற்குக் குறைந்த கடன் என்றால் சிவில் நீதிமன்றம். ஏல அறிவிப்பின் தலைப்பில் எந்தச் சட்டப்படி விற்கிறார்கள் என்று போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள்.

கடைமடை:
வங்கி ஏலத்தில் தேதிக் கணக்கு எப்படி? நடுவில் குத்தகை இருப்பது தெரியவந்தால் பின்வாங்க முடியுமா?

வரப்போரம்:
சர்ஃபாசி சட்டத்தின் 2002 விதிகளின்படி ஏலம் முடிந்த அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். முன்பணம் அதில் கழியும். மாதிரி நிலத்தை 60 லட்சத்துக்கே எடுத்தால் 15 லட்சம், முன்பணம் 6 போக 9 லட்சம். மீதி 45 லட்சத்தை விற்பனை உறுதியான 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. தவறினால் கட்டிய 15 லட்சமும் பறிமுதல் ஆகும். 2024 பிப்ரவரியில் சண்முகவேலு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பறிமுதலை உறுதி செய்தது. சட்டமே தரும் விளைவு என்பதால் கருணை காட்டிக் குறைக்க இடம் குறைவு.

பின்வாங்க ஒரு வழி உண்டு. விற்பனை அறிவிப்பில், வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்களைச் சொல்லியாக வேண்டும் என்று விதி 8 சொல்கிறது. குத்தகை இருப்பது வங்கிக்குத் தெரிந்திருந்தும் மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். "உள்ளது உள்ளபடி" என்று போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஹரியானா நிதிக் கழகம் வழக்கில் (ராஜேஷ் குப்தா, 2009 தீர்ப்பு) சொத்துக்குப் போகும் பாதை விவகாரத்தைச் சொல்லாமல் விற்றுவிட்டு முன்பணத்தைப் பறித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் "வங்கிக்குத் தெரியும்" என்பதற்குத் தாள் வேண்டும். மதிப்பீட்டாளர் அறிக்கையில் "சாகுபடி: குத்தகைதாரர்" என்று ஒரு வரி இருந்தால் அதுவே போதும். ஏலத்துக்கு முன்பே அந்த அறிக்கையைப் பார்க்கக் கேட்டுக் கடிதம் கொடுத்துவையுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் பின்னால் உதவும்.

அறிவிப்பில் "குறியீட்டுச் சுவாதீனம்" என்று இருந்தால், வங்கியே நிலத்துக்குள் கால் வைக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆவணக்கட்டு:
கோர்ட் ஏலத்துக்கு வருகிறேன். சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 21.

விதி 66 பிரகடனத்தில் சொத்தின் மேலுள்ள வில்லங்கத்தைச் சொல்ல வேண்டும். விதி 84 படி ஏலம் முடிந்த உடனே 25 சதவீதம், விதி 85 படி 15 நாளுக்குள் மீதி. 1954-லேயே மணிலால் மோகன்லால் ஷா வழக்கில், இவை கட்டாயம், தவறினால் ஏலமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் பிந்தினாலும் நீதிமன்றம் மன்னிக்க முடியாது.

குத்தகை இருப்பது பின்னால் தெரிந்தால் பலர் விதி 91-இல் மனுப் போடுகிறார்கள். அது தோற்கும். விதி 91, தீர்ப்புக் கடனாளிக்கு விற்கத்தக்க உரிமையே இல்லை என்ற நிலைக்கு மட்டும். குத்தகை இருந்தாலும் உடைமை உரிமை அவரிடம் இருந்ததே. போக வேண்டியது விதி 90: பிரகடனத்தில் குத்தகையைச் சொல்லாமல் விட்டது பெரிய முறைகேடு, அதனால் கணிசமான நஷ்டம். 1976 திருத்தத்துக்குப் பிறகு ஏலம் எடுத்தவரும் இந்த மனுவைப் போடலாம். காலக்கெடு 60 நாள். முறைகேடு மட்டும் போதாது, நஷ்டத்தையும் காட்ட வேண்டும், பசலிக்கணக்கு போட்ட கணக்கை அப்படியே வைக்கலாம்.

விற்பனை உறுதியாகி, சான்றிதழ் வாங்கிய பிறகு சுவாதீனம் கேட்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. கடனாளியே நிலத்தில் இருந்தால் விதி 95, ஆளை இறக்கிவிட்டு ஒப்படைப்பார்கள். குத்தகைதாரர் இருந்தால் விதி 96. அமீனா (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் ஊழியர்) வருவார், விற்பனைச் சான்றிதழின் நகலை வயலில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார், வரப்பில் மரம் இல்லையென்றால் ஒரு கம்பு நட்டுக் கட்டுவார், தண்டோரா போட்டு உரிமையாளர் மாறிவிட்டார் என்று அறிவிப்பார். அவ்வளவுதான் டெலிவரி. நிற்கும் பயிரை யாரும் தொட மாட்டார்கள். மனுவில் 95 என்று போட்டுவிட்டு, அமீனா போன இடத்தில் குத்தகைதாரர் தடுக்க, தடுத்தவர் மேல் விதி 97 மனு என்று இழுத்துக்கொண்டு போகிற வழக்குகள் நிறைய. சுவாதீனம் கேட்க ஒரே வருடம்தான் காலம், விற்பனை உறுதியான நாளிலிருந்து. அதைத் தவறான விதியில் கழித்துவிடாதீர்கள்.

விதி 96 டெலிவரி சடங்கு இல்லை. அதற்குப் பிறகு குத்தகை யாருக்குச் சேர வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது.

நெல்மூட்டை:
குத்தகைதாரர் பக்கம் ஒரு வார்த்தை. அமீனாவோ போலீஸோ வந்து தவறாக இறக்கிவிட்டால் விதி 99-இல் மனுப் போட 30 நாள்தான் உண்டு. சர்ஃபாசி நடவடிக்கை என்றால் பிரிவு 17-இல் 45 நாள். சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்டுக் காலத்தை வீணாக்கக் கூடாது. சர்ஃபாசிக்கு பிரிவு 34 தடை, குத்தகைப் பதிவு விஷயத்துக்கு 1969 சட்டத்தின் 16-ஏ தடை. 1980-இல் பெரியதம்பிக் கவுண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைப் பேசி முடித்துவிட்டது.

குத்தகையைக் கட்டாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. பழைய முதலாளிக்குக் கொடுப்பதா, ஏலக்காரருக்கா என்ற குழப்பத்தில் ஒரு போகம் சும்மா இருந்துவிடுவார்கள். கெடு தேதியிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் பாக்கி, பாக்கி என்றால் வெளியேற்றக் காரணம். குழப்பம் இருந்தால் 1955 சட்டத்தின் பிரிவு 3(3)-இன்படி வருவாய் நீதிமன்றத்தில் டெபாசிட் செய்துவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஏலம் எடுத்தவரை "நீ யார், உனக்கு என்ன உரிமை" என்று எழுத்தில் பதில் கொடுத்துவிடாதீர்கள். உரிமையை வேண்டுமென்று மறுத்தார் என்று அதையே காரணமாக்குவார்கள். "உங்கள் ஆவண நகலைத் தாருங்கள், சட்டப்படி சேர வேண்டியவருக்குக் குத்தகை கட்டத் தயார்" என்று எழுதினால் போதும்.

வில்லங்கம்பார்:
போலிக் குத்தகை பற்றி யாரும் பேசவில்லையே? கடன் வாராக் கடன் ஆனதும், கடனாளி மச்சான் பெயரையோ வேலைக்காரர் பெயரையோ குத்தகைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். உரிமையாளரே "ஆமாம்" என்று வாக்குமூலம் தருவதால் தாசில்தார் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

பசலிக்கணக்கு:
நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. பதிவு உத்தரவின் தேதியை 13(2) நோட்டீஸ் தேதியோடு பாருங்கள். பதிவுக்கு முந்தைய பசலிகளில் அடங்கலில் யார் பெயர் என்று பாருங்கள். கடனாளியே தன் பெயரில் அதே நிலத்துக்குப் பயிர்க்கடனோ காப்பீடோ எடுத்திருந்தால் குத்தகைக் கதை அங்கேயே உடையும். குத்தகை வாங்கியதற்குப் பழைய ரசீது ஒன்றுகூட இல்லாததும் ஓர் அடையாளம். உரிமை கேட்பவர் உழைப்பவரா என்பதும் முக்கியம். வெளியூரில் சம்பளத்துக்கு இருப்பவர், ஆள் வைத்துப் பார்ப்பவர் எல்லாம் வெறும் இடைத்தரகர், சட்டம் அவரைக் காப்பதில்லை.

பதிவேட்டில் உள்ளது தவறு என்று நிரூபிக்கும் வரை சரி என்றே கொள்ளப்படும். ஆகவே ஏலம் எடுத்தவர் சும்மா இருக்கக் கூடாது. தன் விற்பனைச் சான்றிதழைக் காட்டித் தாசில்தாரிடம் பதிவைத் திருத்த மனு, அங்கே தோற்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் சீராய்வு. பதிவு உத்தரவு வந்தபோது வங்கிக்கு நோட்டீஸ் போகவில்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

நேர்மையாக உழும் குத்தகைதாரரையும் இந்தப் போலிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது மனதுக்கு வலிக்கிறது. போலிப் பதிவு ஒவ்வொன்றும் உண்மையான குத்தகைதாரரின் தாளின் மேலும் சந்தேகத்தைப் போடுகிறது.

கணவாய்க்காற்று:
குத்தகைதாரரின் உரிமையையே ஏலம் விட்டால்? அதாவது கடன் வாங்கியவர் குத்தகைதாரர், நிலம் வேறொருவருடையது.

ஆவணக்கட்டு:
தமிழ்நாட்டில் அது வாங்குபவருக்கு வெற்றுத் தாள். சாகுபடிக் குத்தகைதாரர் என்ற தகுதி அவருடைய உடலுழைப்போடு ஒட்டியது. உழைக்கும் வாரிசுக்கு இறங்கும், ஏலம் எடுத்தவருக்கு இறங்காது. கோயில் நிலம் என்றால் இன்னும் கண்டிப்பு. இந்து சமய அறநிலையச் சட்டம் பிரிவு 34 படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தின் விற்பனை, அடமானம், 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் செல்லாது. கோயில் நிலத்தில் குத்தகைதாரர் கட்டிய வீட்டை ஏலத்தில் எடுப்பவருக்குக் கிடைப்பது கட்டடம் மட்டும், அடிமனை கோயிலுடையது.

பஞ்சமி நிலத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1892 அரசாணை வழி வந்த நிபந்தனை அது: முதல் 10 வருடம் யாருக்கும் மாற்றக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும். ஏலம் அந்த நிபந்தனையைக் கழுவிவிடாது. பழைய ஒப்படை ஆவணத்தையும் 'அ' பதிவேட்டையும் (கிராம நில விவரப் பதிவேடு) பார்க்காமல் கிட்டப் போகாதீர்கள்.

உங்கள் பெயரைப் பார்த்தால் பாலக்காட்டுப் பக்கம் போலத் தெரிகிறது. அங்கே சட்டம் தலைகீழ். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் பிரிவு 50 படி சாகுபடிக் குத்தகைதாரரின் உரிமை வாரிசுக்கும் போகும், விற்கவும் முடியும். 1970 ஜனவரி 1-இல் ஜன்மியின் (நில உடைமையாளரின்) உரிமை அரசிடம் சேர்ந்துவிட்டது. சித்தூர் நிலத்தையும் பொள்ளாச்சி நிலத்தையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

வரப்போரம்:
வங்கி ஏலச் சொத்துகளைப் பட்டியலிடும் பேங்க்நெட் தளத்தில் வெளிமாநில நிலங்களை மலிவாகப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று. குஜராத்தில் குத்தகைச் சட்டப்படி உழுதவருக்குக் கிடைத்த நிலத்தை பிரிவு 43-இன்படி ஆட்சியர் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. பிரிவு 63, விவசாயி அல்லாதவருக்கு விற்பது செல்லாது என்கிறது, கோர்ட் தீர்ப்பாணையை நிறைவேற்றும் விற்பனையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2020-இல் கபாடியா வழக்கில் உயில் வழியாகக்கூட இந்தத் தடையைத் தாண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலுக்கே வழி இல்லாத இடத்தில் ஏலச் சான்றிதழை நம்பி விவசாயி அல்லாதவர் இறங்கக் கூடாது.

கடைமடை:
வருவாய் வசூல் சட்ட ஏலம்? அதில் வில்லங்கம் எல்லாம் நீங்கிவிடும் என்கிறார்கள்.

ஆவணக்கட்டு:
1864 சட்டம் பிரிவு 42-ஐச் சொல்கிறார்கள். அந்த நிலத்தின் மேலேயே விழுந்த நிலவரி பாக்கிக்கு விற்றால்தான் அது. வேறு கடனை நிலவரி பாக்கி "போல" வசூலிக்கும்போது அந்தச் சலுகை வராது. எதுவானாலும் 1955 சட்டத்தின் பாதுகாப்பு அடமானம் போன்ற வில்லங்கம் இல்லை, வசூல் ஏலத்தோடு அழிவதற்கு. அங்கே ஏலம் முடிந்ததும் 15 சதவீதம், மீதி 30 நாளுக்குள்.

கடைமடை:
ஏற்கெனவே எடுத்துவிட்டார், குத்தகைதாரர் உண்மையானவர், அடமானத்துக்கு முந்தியவர். இனி என்ன செய்யலாம்?

பசலிக்கணக்கு:
பேசித் தீர்ப்பதுதான் வழி. டெல்டாவில் குத்தகைதாரருக்கு நிலத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்து மீதியைக் காலியாக வாங்குவது வழக்கம். பங்கு எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். பணமாகவும் தீர்க்கலாம், முழு நிலத்தையும் அவருக்கே விற்கவும் செய்யலாம். எப்படியானாலும் வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி முடிக்காதீர்கள். பங்கு கொடுத்தால் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும், குத்தகையை விட்டதற்கு எழுத்து வேண்டும், தாசில்தார் முன் குத்தகைப் பதிவை நீக்கிய உத்தரவு வேண்டும். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தால் நல்லது. உழைக்கும் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு மகன் விட்டுப்போனால் அவர் நாளை வந்து நிற்பார், அவர் நிற்பதும் நியாயம்தான்.

பேச்சு முடியும் வரை குத்தகையை மறுக்காமல் வாங்கி ரசீது கொடுங்கள். வாங்க மறுத்துவிட்டுப் பாக்கி என்று வழக்குப் போட்டால் வருவாய் நீதிமன்றத்தில் நிற்காது.

கடைமடை:
குத்தகைதாரருக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆவணக்கட்டு:
விற்பனைச் சான்றிதழின் எண், தேதி, நகல். சர்வே எண்கள், பழைய உட்பிரிவு எண்களோடு. விற்பனைத் தேதிக்குப் பிந்திய குத்தகை தனக்குச் சேரும் என்ற வரி. அதற்கு முன் பழைய உரிமையாளரிடம் கட்டியிருந்தால் ரசீது நகலைக் காட்டும்படி ஒரு வரி, ஏனென்றால் மாற்றம் தெரியாமல் நல்லெண்ணத்தில் கட்டியதை மறுபடி கேட்க முடியாது. குத்தகை நெல்லாகவா பணமாகவா, எந்த மாதம் கெடு என்பதை அவரே எழுதித் தரும்படி கேளுங்கள். பணம் கட்ட வங்கிக் கணக்கு எண்ணும் ரசீது தருபவரின் முகவரியும். "காலி செய்யவும்" என்ற சொல் அந்தக் கடிதத்தில் வரவே கூடாது. ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, நகல் ஒன்றைத் தாசில்தாருக்கும் கொடுத்துவிடுங்கள்.